பஸ் கிளம்பியாச்சு... வகுப்பில் மிச்சம் யார்?

"டீச்சர், நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ் வரும்?"

ஒரே நாளில் இருபது தடவை இந்தக் கேள்வி வந்தால், அந்த வகுப்பில் மறுநாள் டூர் என்று அர்த்தம்! ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டூர் என்பது தீபாவளியைவிடப் பெரிய விசேஷம். முதல் நாள் ராத்திரி தூக்கம் கிடையாது. விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து, புளியோதரை டப்பாவைப் பையில் வைத்து, வெளியே எடுத்து, மறுபடியும் வைத்து... அம்மாவைப் படுத்தி எடுத்துவிடுவார்கள்.

தேனி மாவட்டத்துப் பள்ளிகளுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் அதிகம். வைகை அணை, சுருளி அருவி, கும்பக்கரை, மேகமலை, லோயர் கேம்ப், எல்லையைத் தாண்டினால் தேக்கடி... வெளியூர்க்காரர்கள் லீவு போட்டு, லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கிற இடங்களெல்லாம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குக் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற தூரம்தான்.

எல்லாம் சரி. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஹாஜர்ப் பதிவேட்டையும், பஸ்ஸுக்குள் இருக்கிற தலைகளையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் வந்திருக்க மாட்டார்கள். எப்போதும் சில பேர் குறைவார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"வேணாம் டீச்சர், இவளுக்கு பஸ்ஸுல ஏறுனாலே குமட்டும்."

"இவனுக்கு வீசிங் இருக்குல்ல... மலைக்காத்து ஆகாது சார்."

"தண்ணி இருக்கிற எடத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். ஒத்தப் புள்ள."

"ஆத்தா இப்பத்தான் சமைஞ்சிருக்கா. இன்னமே டூரு கீரெல்லாம் கெடையாது."

இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு காரணம் உண்டு: "வயித்த வலி." அதை நான் நன்றாக அறிவேன். ஆறாம் வகுப்பில் வைகை அணைக்கு டூர் போன அன்று எனக்கும் வயிற்றுவலிதான்! வீட்டில் டூர் காசு கேட்க முடியாத மாதம் அது. காசில்லை என்று சொல்ல வெட்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பொய்யாக ஆரம்பித்த வலி, பஸ் போனபிறகு நிஜமாகவே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. பிள்ளைகளின் மனசு சங்கடம் வயிற்றில்தான் வந்து உட்காரும் என்று எந்தக் குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் சொல்லுவார். அன்று மிச்சமிருந்த மூன்று பேரை அடுத்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்த மத்தியானம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மிச்சப் பிள்ளைகளைப் பற்றியது. உடம்பைக் காரணம் காட்டி நிறுத்தப்படுகிற பெரும்பாலான பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியும். ஒரு வாரம் முன்னாடி ஒரு மணி நேரம் பெற்றோரை உட்கார வைத்துப் பேசினால் போதும்.

டூர் என்ன, ஊட்டச்சத்தா?

"ஒரு நாள் ஊர் சுத்திட்டு வந்தா படிப்பு வந்துருமா?" என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டமே, பிள்ளைகள் செய்து பார்த்தும், தேடிக் கண்டுபிடித்தும் கற்க வேண்டும் என்று சொல்கிறது. படிப்பு விஷயம் அதோடு இருக்கட்டும். நாம் உடம்பைப் பார்ப்போம்.

5 வயதிலிருந்து 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2016 வரையிலான கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 81 பேர் அந்த அளவுக்கு ஓடியாடவில்லை என்று தெரிந்தது. நம் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கா என்ன? தோப்பும் துரவுமாக இருக்கிற ஊரில்கூட டியூஷன், டி.வி., செல்போன் என்று சாயங்காலம் போய்விடுகிறது.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவில் குவாங்சௌ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 6 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் கூடுதலாக 40 நிமிடம் வகுப்புக்கு வெளியே நடவடிக்கைகள். மற்ற 6 பள்ளிகளில் வழக்கம்போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வெளியே போன பிள்ளைகளில் 100-க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் 100-க்கு 39 பேருக்கு. 2015-ல் வெளியான முடிவு இது. வெயில் வெளிச்சம் கண்ணுக்குள் போவதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். மர நிழலில் இருக்கிற வெளிச்சம்கூட வகுப்பறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

கவனியுங்கள், தினமும் 40 நிமிடம்! வருஷத்துக்கு ஒரு டூர் போய்விட்டு வந்தால் கண்ணாடி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பெரிய டூர் ஒன்று போதாது. சின்னச் சின்ன வெளி நடைகள் வேண்டும். வாய்க்கால் கரை வரைக்கும் ஒரு நடை. வாரச்சந்தைக்கு ஒரு நடை. தபால் ஆபீஸுக்கு ஒரு நடை. இதற்கு பஸ் வேண்டாம், காசு வேண்டாம். யாருக்கும் வயிறு வலிக்காது!

நடைக்கு முன்னால் வகுப்பிலேயே ஒரு வேலை வைக்கலாம். பிள்ளைகளைக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் நாடி பிடிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 70-லிருந்து 110 வரை இருக்கும். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் பழைய எண்ணுக்கு இறங்குகிறது என்று ஒரு கட்டம் போட்டு எழுதட்டும். கணக்கும் ஆச்சு, அறிவியலும் ஆச்சு. யார் சீக்கிரம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று டீச்சருக்கும் தெரிந்துவிடும். டூர் அன்றைக்கு இது ரொம்ப உதவும்.

ஒரு சொட்டுத் தண்ணீரின் பின்னாலே...

எங்கே போவது? என்னைக் கேட்டால், கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்பதைத்தான்.

மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1887-ல் ஆரம்பித்து, 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. கட்டிய பென்னிகுக் துரைக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15-ல், அவர் பிறந்த நாளில் திறந்தார்கள். அந்த நாளில் பள்ளத்தாக்கு ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் உண்டு.

மணிமண்டபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி வருகிற தண்ணீர், மின்சார நிலையத்தைச் சுற்றிவிட்டு ஆறாக வெளியே வருகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகப் போய், தேனி பக்கத்தில் வைகையோடு சேர்ந்து, வைகை அணைக்குப் போகிறது. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. வழியில் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நெல்வயலுக்குப் பாய்கிறது. காலையில் லோயர் கேம்ப், மத்தியானம் ஆற்றோரம் ஒரு ஊர், சாயங்காலம் வைகை அணை. ஒரே நாளில் ஒரு ஆற்றின் முழுக் கதை!

இங்கே டீச்சர்களுக்கு ஒரு ரகசியம். லோயர் கேம்ப்பில் நின்று, "அதோ பாருங்க, மலையில குழாய்!" என்று கையை நீட்டுங்கள். எல்லாரும் "ஆமா டீச்சர்!" என்று கத்துவார்கள். ஒரு பிள்ளை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வினாடி தாமதமாக "ஆமா" சொல்லும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கும். அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்தே இத்தனை நாள் எழுதியிருக்கலாம். "படிப்பு ஏறலை" என்று அடியும் வாங்கியிருக்கலாம். தேனியில் 1985-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பரிசோதனை உண்டு. ஒரு கண்ணாடியில் தீர்கிற விஷயம்.

குமட்டுகிற பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு மட்டும் போதாது

இனி, மிச்சப் பிள்ளைகளிடம் வருவோம். முதல் காரணம், வாந்தி.

உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு, "நாம் ஆடுகிறோம், வளைகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "இல்லையே, ஒன்றும் அசையவில்லையே" என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். இந்தப் பிள்ளை பலவீனமானது என்று அர்த்தமில்லை. 2 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் இது அதிகம். பெரும்பாலும் வளர வளரக் குறைந்துவிடும்.

கடைசி சீட்டு கூடவே கூடாது. முன்பக்கம், ரோடு தெரிகிற மாதிரி உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன், புத்தகம் வேண்டாம். காலையில் வெறும் வயிறும் தப்பு, எண்ணெய்ப் பலகாரமும் தப்பு. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி போதும். எலுமிச்சம்பழம் முகர்ந்தால் சிலருக்கு நன்றாக இருக்கிறது. இஞ்சி மிட்டாயும் சிலருக்குக் கேட்கும்.

மாத்திரை? உண்டு. ஆனால் பிள்ளையின் வயது, எடை பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்ததை, பஸ் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். குமட்ட ஆரம்பித்தபிறகு கொடுத்தால் அதுவும் வெளியேதான் வரும்! இந்த மாத்திரைகளில் பல தூக்கம் தரும். மாத்திரை போட்ட பிள்ளை அருவிப் பாறையில் ஏறக் கூடாது என்பதை டீச்சர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. "இவ வாந்தி எடுப்பா, இவ வாந்தி எடுப்பா" என்று பஸ் பூரா அறிவிப்புச் செய்யாதீர்கள். சொல்லிச் சொல்லியே வந்துவிடும். பிளாஸ்டிக் பையைச் சத்தமில்லாமல் கையில் கொடுத்தால் போதும்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, மேகமலைக்கு 18. முதல் டூருக்கே அங்கே போக வேண்டியதில்லை. ரயிலில் வளைவும் இல்லை, குலுக்கலும் குறைவு, கழிப்பறையும் உண்டு. 1928-ல் வந்த போடி ரயில், அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்றது. தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்த்ததே இல்லை! நேரத்தை விசாரித்துக்கொண்டு தேனியிலிருந்து போடிக்கு ஒரு சின்ன ரயில் பயணம் போய்ப் பாருங்கள். அங்கே ஏலக்காய் வாசம் வேறு இலவசம்.

தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள்

இது யாரும் பேசாத விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூர் அன்றைக்குப் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் தூக்கிப் பாருங்கள். பல பாட்டில்கள் கொண்டுவந்த மாதிரியே நிறைந்திருக்கும். "தாகம் எடுக்கலையா?" என்றால், "இல்ல டீச்சர்" என்று தலையை ஆட்டுவார்கள். தாகம் எடுக்காமலா? எங்கே போவது என்று தெரியாததால் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் ஆடிவிட்டு, காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை சிறுநீரை அடக்கினால் மறுநாள் எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி. அப்போது அம்மா சொல்வார்: "நாந்தான் சொன்னேன்ல, டூரு ஒத்துக்கலை!" பழி டூர் மேலே விழும். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை மிச்சப் பிள்ளை.

ஆகவே, டூர் வழியைப் போடும்போது பார்க்கிற இடங்களைக் குறிக்கும் முன்னால், கழிப்பறைகளைக் குறியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதைவிட நல்ல யோசனை: வழியில் இருக்கிற ஏதாவது ஒரு பள்ளியின் தலைமையாசிரியருக்கு இரண்டு நாள் முன்னால் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் நிறுத்தி, எல்லாரும் போய்வந்து, கைகழுவி, அங்கேயே தண்ணீரும் குடித்துவிட்டுக் கிளம்பலாம். "வர்றவங்க மட்டும் இறங்குங்க" என்றால் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். "எல்லாரும் இறங்குங்க" என்று சொல்ல வேண்டும்.

ஐந்து, ஆறாம் வகுப்பிலேயே பூப்பெய்துகிற பிள்ளைகள் இப்போது உண்டு. முதல் முதலாக அது டூர் பஸ்ஸிலேயேகூட நேரலாம். டீச்சர் பையில் நாலு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு சுடிதார் பேண்ட், பழைய செய்தித்தாள். அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆசிரியைகளில் ஒருவர், "ஏதாச்சும்னா என் காதுல வந்து சொல்லுங்க" என்று முதல் நாளே பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லி வைத்தால் போதும். மாதவிலக்கு நாளில் டூர் போகக் கூடாது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. நடக்கலாம், ஏறலாம், விளையாடலாம். அருவியில் குளிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். குளிக்காதவர்களிடம் "ஏன்?" என்று பையன்கள் முன்னால் கேட்காதீர்கள்.

வீசிங் பையனும் வரலாம்

வீசிங் இருக்கிற பிள்ளை மலைக்குப் போகலாம். ஒரே நிபந்தனை, இன்ஹேலர் அவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் கிடக்கிற பெரிய பையில் அல்ல, டீச்சரின் கைப்பையிலும் அல்ல. மூச்சு முட்டும்போது பஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்! எத்தனை தடவை அடிக்க வேண்டும், ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை அடிக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது என்றால் யோசிக்காமல் 108.

வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இவர்களுக்கு எதிரி, நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தத் தூங்காத ராத்திரிதான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். ஆகவே, அம்மாக்களே, புளியோதரையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்கப் போடுங்கள். அருவி, ஆழத் தண்ணீர், உயரமான பாறை இவர்களுக்கு வேண்டாம், மற்றதெல்லாம் பார்க்கலாம். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பது, வாயில் கரண்டி திணிப்பது எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

பாறையில் சிரிக்கும் பாசி

"தண்ணி இருக்கிற எடத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்கிற அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

சுருளியும் கும்பக்கரையும் வனத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. வெள்ளம் வந்தால், சுருளியில் யானை நடமாட்டம் இருந்தால், குளிக்கத் தடை போடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு அஞ்சு நிமிஷம்..." என்று காவலரிடம் கெஞ்சுகிற வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். ஐயா, தயவுசெய்து வேண்டாம்! இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் அடித்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், சோப்பு தேய்த்த பாதியிலேயே எல்லாரையும் கரையேற்றிவிட வேண்டும். கும்பக்கரையில் அருவியைவிடப் பாறையும், அதன் மேலே படிந்த பாசியும்தான் ஆபத்து.

தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் போய்விடும். அதனால் பிள்ளைகளை முதலிலேயே ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுங்கள். விசில் ஊதினால் ஜோடி கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அல்ல! அத்தனை பெரியவர்கள் இல்லையென்றால் அருவியைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம். பயப்படுகிற அந்த அம்மாவையே துணைக்குக் கூப்பிட்டுப் பாருங்களேன். அவரைவிட நல்ல காவல் யார்?

மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நேரத்தை வீணடிக்கும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அமுக்க வேண்டும். மூளை சில நிமிடம்தான் தாங்கும். இதை டூருக்கு முன்னாலேயே ஒரு வாத்தியாராவது கற்று வைத்திருக்க வேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அவசியம். மேற்கே போனால் கம்பம் அரசு மருத்துவமனை, வைகை அணைப் பக்கம் என்றால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கடியில் படகு ஏறினால் மிதவைச் சட்டை போட்டு, கொக்கி மாட்டி, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வேண்டும். 2009 செப்டம்பர் 30-ல் அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கமாக எல்லாரும் எழுந்ததைத்தான் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம். பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயசுதான்.

குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் பிடுங்கும். பிடுங்கினால் விட்டுவிட வேண்டும், இழுக்கக் கூடாது. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் நாய்க்கடிக்குப் போடுகிற தடுப்பூசிதான். "சின்னக் கீறல்தானே" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அம்மாவே டீச்சர்!

சாப்பாடு விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம் தாங்கும். தேங்காய்ச் சட்னியும், காலையில் அவித்து வெயிலில் வெந்த முட்டையும் தாங்காது. வீட்டுத் தண்ணீர் ஒரு லிட்டர். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு டீச்சரிடம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

காசு விஷயம்தான் கடைசியில் நிற்கிறது. என் வயிற்றுவலி!

பஸ்ஸே வேண்டாத டூர் ஒன்று பள்ளத்தாக்கில் இருக்கிறது. திராட்சைத் தோட்டம். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை இருக்கும். வகுப்பில் சில பிள்ளைகளின் அம்மாவோ பெரியம்மாவோ அங்கேதான் வேலைக்குப் போவார்கள். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு மணி நேரம் அந்த அம்மாவைச் சொல்லித் தரச் சொல்லுங்கள். எந்தக் கொடியை எப்போது கவாத்து செய்வது, எந்தக் கொத்து பழுத்தது, கத்தரியை எப்படிப் பிடிப்பது... பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம். டூருக்குக் காசு கொண்டுவர முடியாத பிள்ளை, அன்றைக்கு "இவங்க எங்கம்மா" என்று முன்னால் நிற்கும்.

பழத்தின் மேல் வெள்ளையாக, நீலமாகப் படிந்திருந்தால் மருந்தாக இருக்கலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பந்தலுக்கு அடிப்பது வழக்கம். வேறு பூச்சி மருந்துகளும் உண்டு. கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போக வேண்டும். அடித்த கையோடு போகவே கூடாது. கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். இந்தக் கேள்வியைப் பிள்ளைகளையே கேட்க வைத்தால், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கேட்பார்கள்: "கைய கழுவிட்டுத்தான் சாப்பிட்டியாம்மா?"

பஸ் வைக்கிற டூர் என்றால், காசு வசூல் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீர்கள். கொடுத்தவர், கொடுக்காதவர் தலைமையாசிரியருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பழைய மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ, இரண்டு மூன்று டிக்கெட்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்காமலா இருப்பார்கள்? அதற்கு முன்னால் ஒரு வேலை: டூர் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை நேரில் போய், "ஏன்?" என்று கேட்டு வாருங்கள். வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள்.